பக்கத்து சீட்டில் யார்?

அத்தியாயம் 5

“வண்டி நெசமாவே நிக்குதா, இல்ல நின்னுபோச்சுன்னு அவரு கதை விடுறாரா? எனக்கு அது ஒண்ணு தெரிஞ்சாப் போதும் மேடம்.”

ஜெஸ்ஸி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். மரியநாதபுரத்தில் அவள் வீட்டை ஒட்டிய வேப்பமரத்தடியில், இருபது வருஷத்துக் கிழட்டு வெள்ளைக் கார் ஒன்று பானெட்டைத் திறந்துகொண்டு நின்றது. காருக்குச் சொந்தக்காரனும் ஜெஸ்ஸியின் கணவனுமான சார்லஸ், ஞாயிறு பூசை முடிந்து சர்ச்சின் பங்குப் பேரவைக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தான். திருவிழாவுக்கு எந்த பேண்டு செட்டைக் கூப்பிடுவது என்று அங்கே அடிதடி நடக்காத குறை. அது ஓய்வதற்குள் இந்தக் காரைப் பேச வைத்தாக வேண்டும்.

துப்பறியும் இளவேனில் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். ஒரு காலத்தில் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு விபத்து வண்டிகளைச் சோதித்துக் கொடுத்தவள் அவள். வண்டிகளுக்கு நேரும் சேதத்தைவிட வண்டிக்காரர்கள் சொல்லும் பொய் பெரிதாக இருப்பதைப் பார்த்துச் சலித்துப்போய், பொய்யைக் கண்டுபிடிப்பதையே பிழைப்பாக்கிக்கொண்டாள். அவளுடைய உதவியாளன் மைதீன் பிச்சை பேகம்பூர்க்காரன், ஆட்டோ ஓட்டியவன். ஆட்டோ இன்னும் அவனிடம்தான் இருக்கிறது. ஆட்டோவுக்கு பிரேக் உண்டு, அவன் வாய்க்குக் கிடையாது.

“மேடம், இந்த வண்டிய மெக்கானிக்கிட்ட காட்டுனதே தப்பு. ஜோசியருகிட்ட காட்டிருக்கணும்.”

“வாய மூடிட்டுப் பின் சீட்டுல காத வைய்யி.”

மெக்கானிக்குகள் பார்க்காமல் இல்லை. பெட்ரோல் பம்ப்பை மாற்றினார்கள், ஃபில்டரை மாற்றினார்கள், இன்ஜெக்டரைக் கழற்றிக் கழுவினார்கள். ஒருவர் கம்ப்யூட்டர் பெட்டியைக் கொண்டுவந்து சொருகிப் பார்த்தார். அதில் ஒரு குறையும் காட்டவில்லை. நத்தம் ரோட்டில் ஓட்டிப் பார்த்தால் வண்டி வெண்ணெயாக ஓடும். சார்லஸ் தனியாக எடுத்துக்கொண்டு போனால்தான், அதுவும் செம்பட்டியைத் தாண்டினால்தான், நட்ட நடு ரோட்டில் செத்துப்போகும். உடனே ஜெஸ்ஸிக்கு போன் வரும். “வண்டி நின்னுபோச்சு ஜெஸ்ஸி. வர லேட்டாகும்.” அவன் சாயப் பவுடரும் நூலும் விற்கிறவன், ஊர் ஊராகப் போகத்தான் வேண்டும். ஆனால் மெக்கானிக்கிடம் சமர்த்தாக இருக்கும் வண்டி மனைவியிடம் மட்டும் ஏன் மக்கர் பண்ணுகிறது என்று கேட்டால், எந்தப் பெண்ணுக்கும் வயிறு எரியத்தான் செய்யும்.

ஜெஸ்ஸிக்கு எரிந்தது. அவன் சட்டைப் பையில் பாதாம் பருப்பு கிடந்ததைப் பார்த்த நாளிலிருந்து எரிந்தது. மாடிப்படிக்குக் கீழே நின்று போனில், “சாப்புட்டாச்சா? வெளிய விடாத, சளி புடிச்சுக்கும்,” என்று அவன் குழைந்ததைக் கேட்டதிலிருந்து கொழுந்து விட்டது. அவளுக்கு ஜலதோஷம் வந்தபோது மூக்கைச் சிந்தாதே என்று சொன்ன மனுஷன் அவன். முகம் கொடுத்துப் பேசி மாதக்கணக்காகிறது. அவன் காரிலும் அவள் ஏறுவதில்லை, பூசைக்குக்கூட நடந்துதான் போகிறாள்.

பெட்டி கட்டியாகிவிட்டது. வத்தலக்குண்டில் இருக்கும் அண்ணன் ரொனால்டு சாயங்காலம் கார் எடுத்துக்கொண்டு வருகிறான். சார்லஸ் சொல்வது பொய் என்றால் அந்தக் காரில் ஏறிவிடுவது, அப்புறம் இந்த வீட்டுப் படியை மிதிப்பதில்லை என்று ஜெஸ்ஸி முடிவு கட்டியிருந்தாள்.

இளவேனில் வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஒரு நிலை மட்டும் திருப்பினாள். “கேக்குதா?”

“ம்ம்முன்னு ஒரு மொனகல் மேடம். செத்த நேரம் மொனகிட்டு அடங்கிருச்சு. எங்க மாமியாரு கட்டில விட்டு எந்திரிக்கிறப்ப இதே சத்தந்தான்.”

“அதான் டேங்க்குக்குள்ள இருக்குற பம்ப். சாவியத் திருப்புனதும் அது மொனகி, பெட்ரோல இன்ஜெக்டர் வரைக்கும் தள்ளிவைக்கணும். இன்ஜெக்டர் ஊசி மாதிரி பீச்சும். பம்ப் மொனகலன்னா மத்ததையெல்லாம் கழட்டி மாட்டி ஒரு புண்ணியமும் இல்ல.” இளவேனில் ஜெஸ்ஸி பக்கம் திரும்பினாள். “வண்டி எப்படி நின்னுச்சும்பாரு? திக்கித் திணறியா, பொசுக்குன்னா?”

“பொசுக்குன்னு. சுவிட்ச அமத்துனாப்புலன்னு சொல்லுவாரு.”

“நல்லா நெனவிருக்கா?”

“அவரு சொல்ற ஒவ்வொரு சொல்லும் எனக்கு நெனவிருக்கு மேடம். பொய் எங்க இடிக்குதுன்னு பாக்கணும்ல.”

“அப்ப குப்பை அடைப்பு இல்ல. குப்பை அடைச்சா வண்டி இருமி இருமித்தான் சாகும். பொசுக்குன்னு போச்சுன்னா பம்ப்புக்குப் போற கரண்ட் போகுது. கரண்ட்டு போற பாதையப் புடிச்சுட்டே போவோம்.”

கதவோரத்து ரப்பரைப் பிரித்தாள். தரை விரிப்பைத் தூக்கினாள். காரோடு வந்த ஒயர்களுக்கு நடுவில், காரோடு வராத ஒரு சிவப்பு ஒயர் கூட்டத்தை விட்டுப் பிரிந்து, விரிப்புக்கு அடியிலேயே ஊர்ந்து டிரைவருக்குப் பக்கத்து சீட்டுக்குக் கீழே போனது. மைதீன் அந்த சீட்டில் ஏறப் போனான்.

“உக்காராத!”

அவன் ஒரு காலைத் தூக்கியபடியே நின்றான். இளவேனில் அந்த சீட்டைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். அதில் விரித்திருந்த பூத்துண்டை விரலால் தொட்டு விரலைப் பார்த்தாள். சீட் பெல்ட்டைப் பார்த்தாள். கால் வைக்கிற இடத்தில் கிடந்த கால்மிதி மேட்டை எடுத்து முகர்ந்தும் பார்த்தாள். ஜெஸ்ஸியும் விட்டுக்கொடுக்காமல் குனிந்து தேடினாள். அவள் தேடியது நீளமான தலைமுடி. ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. துடைத்து எடுத்திருக்கிறான் என்று அதற்கும் ஒரு எரிச்சல் வந்தது.

“இந்த மேட்டக் கழுவுறது யாரு, நீங்களா?”

“நான் எதுக்கு மேடம் கழுவுறேன்? தான் உக்காருற பக்கம் ஒரு மாசச் சேறு கெடக்கு. அந்த மகாராணி கால் வைக்கிற எடம் மட்டும் பினாயில் போட்டுக் கழுவிருக்கு!”

இளவேனில் சீட்டுக்கு அடியில் கையை விட்டாள். விரலில் கட்டை விரல் அளவு சுவிட்ச் ஒன்று தட்டியது. “இது என்னது?”

“எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரிஞ்சிருக்காது. பழைய வண்டியாத்தான் வாங்குனோம், பூட்டுக் கடைக்காரரு ஒருத்தருகிட்ட.”

“போதும் மேடம், வெளங்கிருச்சு,” என்றான் மைதீன். “நம்ம பூட்டு ஊருக்காரன் கதவுக்குப் பூட்டுப் போட்டு, பூட்டுக்கு ஒரு பூட்டுப் போட்டு, சாவி வச்ச பொட்டிக்கும் பூட்டுப் போடுறவன். காரச் சும்மா விடுவானா? திருடன் எடுத்தா பம்ப் ஓடக் கூடாதுன்னு கள்ள சுவிட்ச் வச்சிருக்கான். விக்கிறப்ப சொல்ல மறந்துட்டான்.”

சுவிட்ச் நன்றாகத்தான் இருந்தது. ஒயர்தான் சரியில்லை. சீட் முன்னும் பின்னும் போகிற தண்டவாளத்தில் அது சிக்கி இழுபட்டு இழுபட்டு, மேல் தோல் பிடித்திருக்க, உள்ளே செம்புக் கம்பி அறுந்துபோயிருந்தது. இளவேனில் சீட்டைக் கடைசி வரைக்கும் பின்னால் தள்ளி, மைதீனை வண்டியைக் குலுக்கச் சொன்னாள். சாவியைத் திருப்பினாள். பம்ப்பிடமிருந்து சத்தமே இல்லை. சீட்டை முன்னால் இழுத்தாள். மறுபடியும் மாமியார் எழுந்திருக்கிற சத்தம் வந்தது.

“சீட்டு பின்னால போனா ஒயர் இழுபடுது. மேடு பள்ளத்துல ஒரு குலுக்கு குலுக்குனா கம்பி விட்டுப்போகுது, வண்டி பொசுக்குன்னு நிக்குது. உங்க வீட்டுக்காரர் சொன்னது உண்மை ஜெஸ்ஸி.”

ஜெஸ்ஸிக்கு மூச்சு வந்தது. பெட்டியைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் அடுக்குவது வரைக்கும் மனம் ஓடிவிட்டது. ஒரு மூச்சுதான். அடுத்த மூச்சில் அவள் முகம் கறுத்தது.

“அப்ப... சீட்ட எதுக்குப் பின்னால தள்ளுறாரு? தனியாத்தான் போறேன்னு சொல்றாரே?”

“அதான் கேள்வி.”

“கேள்வியே இல்ல மேடம். கனகா! சித்தையன்கோட்டைல சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடக் கொடுத்து வாங்குறாள்ல, அவ. என்னைய விட ஒரு முழம் ஒசரம். அவ காலு நீட்ட எடம் வேணும்ல? நம்ம கடைல ஒரு நா பாத்தேன். இவரு சாயத்தப் பத்திச் சொல்றாரு, அவ அதுக்கு அப்படிச் சிரிக்கிறா. சாயத்துல சிரிக்கிறதுக்கு என்ன இருக்கு?”

“பச்ச சாயம்னா கொஞ்சம் சிரிக்கலாம்,” என்றான் மைதீன். இரண்டு பெண்களும் அவனைப் பார்த்த பார்வையில் டயரைத் தட்டிப் பார்க்கப் போய்விட்டான்.

இளவேனில் அறுந்த ஒயரை ஒட்டுவதற்கு டேப்பை எடுத்தாள். ஜெஸ்ஸி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஒட்ட வேணாம் மேடம். இன்னைக்கும் நிக்கட்டும். நிக்கிற எடத்துல நான் போய் நிக்கிறேன்.”

“இப்படி ஒயரோட ரோட்டுல விடுறது எனக்குப் புடிக்கல.”

“இன்னைக்கு ஒரு நா மட்டும். அவ மூஞ்சிய நான் நேர்ல பாக்கணும்.”

மதியம் சார்லஸ் கோழிக் குழம்பைத் தொடாமல், ரசத்தோடு எழுந்துவிட்டான். கண்ணாடி முன்னால் நின்று தலை சீவினான். விசில் வேறு. “சித்தையன்கோட்டை வரைக்கும் போய் நூலு போட்டுட்டு வாரேன்.”

“நானும் வரவா?” என்றாள் ஜெஸ்ஸி. கடைசியாக ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்த்தாள்.

“இந்த வெயில்ல நீ எதுக்கு?”

கேட்டிருக்கவே வேண்டாம் என்று அவளுக்கு ஆகிவிட்டது.

அவன் கார் தெருவைத் தாண்டியதும் மைதீனின் ஆட்டோ வந்து நின்றது. சின்னாளப்பட்டி வழியாகச் செம்பட்டி போய்ச் சேரும் வரை ஜெஸ்ஸியின் மனம் ஓயாமல் பேசியது. இப்போது ஏறியிருப்பாள். இப்போது காலை நீட்டியிருப்பாள். ஜன்னல் கண்ணாடியை இறக்கியிருப்பாள். அந்தக் கண்ணாடி சிக்கும். இடது கையால் கொஞ்சம் தூக்கிவிட்டால்தான் இறங்கும் என்பது ஜெஸ்ஸிக்கு மட்டும் தெரிந்த சூட்சுமம். அதையும் சொல்லிக் கொடுத்திருப்பானோ?

செம்பட்டியில் டீ ஆறிக்கொண்டிருக்கையில் போன் வந்தது.

“ஜெஸ்ஸி, வண்டி மறுபடி நின்னுபோச்சு. சித்தையன்கோட்டை ரோட்டுல, வாய்க்கால் பாலத்துகிட்ட. வர லேட்டாகும்.”

“நிக்கட்டும். நில்லுங்க,” என்று சொல்லி ஜெஸ்ஸி போனை வைத்தாள்.

பாலத்துக்கு இந்தப் பக்கமே ஆட்டோவை நிறுத்திவிட்டு, வாய்க்கால் கரையோடு மூவரும் நடந்தார்கள். கார் புளியமர நிழலில் நின்றது. இந்தப் பக்கத்துக் கதவு திறந்து கிடந்தது. சார்லஸ் அந்தப் பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பது தலை மட்டும் தெரிந்தது. குரல் நன்றாகவே கேட்டது.

“தண்ணி குடி தங்கம். வெயிலு ஒத்துக்கலையா? செத்த நேரம் பொறுத்துக்க. ஒன்னைய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக முடியலையேன்னு எனக்கு மட்டும் வருத்தம் இல்லையா?”

ஜெஸ்ஸியின் செருப்பு காலிலிருந்து கைக்கு வந்தது. இளவேனில் அவள் மணிக்கட்டைப் பிடித்துக் காதருகில் பேசினாள்.

“அடிக்கிறதுக்கு முன்னால இதக் கேளுங்க. கனகா அந்த சீட்டுல வந்தா பூத்துண்டு கசங்கிருக்கணும்ல? காலைல அதுல விரல வச்சா தூசி அப்பிருச்சு. உக்காந்தவங்க பெல்ட்ட இழுத்திருக்கணும். அதுல எட்டுக்கால் பூச்சி கூடு கட்டிருக்கு. சீட்டு பின்னால போகுது, ஆனா சீட்டுல யாருமே உக்காரல.”

“அப்புறம் யாரு?”

“கால் வைக்கிற எடத்துலயே உக்காந்து வர்ற ஆளு. அதுக்குத்தான் சீட்டத் தள்ளி எடம் பண்றாரு. பாதாம் திங்கிற ஆளு. வர்ற வழியில மேட்ட அசிங்கம் பண்ற ஆளு. தண்டவாளத்துக்குள்ள நாலஞ்சு கம்பு மணி கெடந்துச்சு, அதையும் பாத்தேன்.”

“எங்க மச்சான் ஒருத்தன் இருக்கான் மேடம்,” என்று மைதீன் கிசுகிசுத்தான், “கம்பு மட்டும் திங்க மாட்டான், மத்ததெல்லாம்...”

காருக்கு அந்தப் பக்கமிருந்து, வாய்க்கால் கரை அதிரும்படி ஒரு சேவல் கூவியது.

ஜெஸ்ஸி கையில் செருப்போடு காரைச் சுற்றிப் போனாள். ஒரு மூங்கில் கூடை திறந்திருந்தது. சார்லஸின் மடியில், கறுப்பும் சிவப்புமாக, கழுத்தை நிமிர்த்தி ஒரு கட்டுச் சேவல் உட்கார்ந்திருந்தது. அதன் காலை அவன் பதமாக நீவிக்கொண்டிருந்தான். மனைவியைப் பார்த்ததும் அவனுக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை.

“ஜெஸ்ஸி... வண்டி நெசமாவே நின்னுபோச்சு,” என்றான்.

சேவலென்றால் அந்தக் குடும்பத்தில் சும்மா இல்லை. அவர்களுடைய நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளையைக் காணோமென்று ஊரே தேட, அவன் குஜிலியம்பாறைப் பக்கம் சேவல்கட்டுச் சண்டையில் போலீஸிடம் பிடிபட்டு, ஸ்டேஷனில் பனியனோடு நின்றான். ஜெஸ்ஸி வீட்டார் பழத்தட்டோடு ஸ்டேஷன் வாசலில் காத்திருந்தார்கள். இனி சேவலைத் தொடுவதில்லை என்று அவன் பீடத்துக்கு முன்னால் மண்டியிட்டுச் சொன்ன பிறகுதான் கல்யாணமே நடந்தது.

“என்னோடதுதான், கனகா புருசன்கிட்ட வளக்கக் கொடுத்திருக்கேன்,” என்று சார்லஸ் தரையைப் பார்த்துச் சொன்னான். “குஞ்சுலருந்து நான் பாத்தது. சண்டைக்கு விடுறதில்ல ஜெஸ்ஸி, சத்தியமா. கொஞ்ச தூரம் கூட்டிட்டுப் போவேன், அம்புட்டுத்தான். டிக்கில வச்சா மூச்சு முட்டும். பின் சீட்டுல வச்சா தனியா இருக்கோம்னு கத்தும். மெக்கானிக்கு நம்ம பங்குக்காரரு, வந்தா உங்கிட்ட சொல்லிருவாரு. அதான் அவரு வாரதுக்குள்ள கூடைய மறைச்சுட்டு, சீட்டப் பழையபடி இழுத்து வச்சிருவேன்.”

இளவேனில் சிரித்தாள். “சீட்ட இழுத்து வச்சதும் கம்பி ஒட்டிக்கும், வண்டி ஓடும். நீங்க தடயத்த மறைக்கிறப்பல்லாம் பழுதையும் சேத்து மறைச்சுட்டீங்க சார்லஸ். அதான் ஒரு மெக்கானிக்காலயும் கண்டுபிடிக்க முடியல.”

மைதீனும் சிரித்தான். ஜெஸ்ஸி சிரிக்கவில்லை. வேறு பெண் இல்லை என்று தெரிந்ததும் நெஞ்சில் இறங்க வேண்டிய பாரம் இறங்காமல் இடம் மாறி உட்கார்ந்துகொண்டது. தனியாக இருந்தால் கத்துமாம். அவள் மாதக்கணக்கில் தனியாக இருந்தாள், கத்தவில்லை; அதனால் அவனுக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது.

“தங்கம்னு கூப்புட்டீங்க,” என்றாள். குரல் உடைந்தது. “எனக்கு ஒரு தடவ, ஒரே ஒரு தடவ அந்த வார்த்த வந்துருக்கா உங்க வாயில? பொம்பளையா இருந்திருந்தா முடியப் புடிச்சு இழுத்துச் சண்ட போட்டு ஜெயிச்சிருப்பேன். இதுகிட்ட நான் என்னத்தச் சொல்லிச் சண்ட போட?”



அவள் போன் அடித்தது. “பாப்பா, செம்பட்டி வந்துட்டேன்,” என்றான் ரொனால்டு. “ஒரு டீயக் குடிச்சுட்டு வாரேன். பொட்டியெல்லாம் கட்டிட்டியா?”

அந்தச் சத்தம் சார்லஸுக்கும் கேட்டது. “பொட்டியா? எங்க போற?”

“வத்தலக்குண்டுக்கு. திரும்பி வாரதா இல்ல.” போனைக் காதிலிருந்து எடுக்காமலே அவன் கண்ணைப் பார்த்துச் சொன்னாள். “எங்கண்ணன் தோட்டத்துல எடம் கெடக்கு. இப்ப அவன் வண்டில ஒரு ஆள ஏத்திவிடப் போறேன். நானா, இதுவான்னு நீங்க சொல்லுங்க.”

இளவேனில் வாய்க்காலைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டாள். மைதீனே வாயை மூடிக்கொண்டிருந்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சார்லஸ் எழுந்தான். சேவலின் கழுத்தை ஒரு முறை தடவினான். அந்தத் தடவலையும் ஜெஸ்ஸி விடாமல் பார்த்தாள். அவன் அதை மைதீனின் கையில் கொடுத்தான். “இறக்கையோட சேத்துப் புடிங்க பாய். கால இறுக்கக் கூடாது.”

“மேடம், இது என்னைய மொறைக்குது,” என்றான் மைதீன்.

சார்லஸ் ஜெஸ்ஸியிடம் வந்து நின்றான். முகம் செத்துக் கிடந்தது, கண் கலங்கியிருந்தது. “நீ வா. வீட்டுக்குப் போவோம்,” என்றான்.

ஜெஸ்ஸி போனில் அண்ணனைச் செம்பட்டியிலேயே இருக்கச் சொன்னாள். தான் வரவில்லை, ஆனால் தோட்டத்துக்கு ஒரு சேவல் வருகிறது என்றாள். ரொனால்டு என்னென்னவோ கேட்டான், அவள் துண்டித்துவிட்டாள்.

இளவேனில் ஒயரை ஒட்டிக் கொடுத்தாள். புருஷனும் பெண்டாட்டியும் காரில் ஏறப் போகையில், ஆட்டோவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த மைதீனின் கையிலிருந்து சேவல் கூவியது. எஜமானைத் தேடுகிற கூவல், கேட்டால் யாருக்கும் விளங்கும். சார்லஸின் கழுத்து அசைந்தது. ஜெஸ்ஸி மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தக் கழுத்தையே பார்த்தாள். அவன் திரும்பவில்லை. காரின் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான்.

ஜெஸ்ஸிதான் திரும்பினாள். சாய்ந்த வெயிலில் அதன் கழுத்து மயிர் செம்பு செம்பாக மின்னியது. அழகன்தான், சந்தேகமே இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பொறுக்கவில்லை.